சாம்பிளில் எழுதிய பின்னணி இசையை எட்டுப் பேர் மேடையில் வாசிக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

தனிச்சுரம்

வணக்கம். எழுபது நிமிடப் படம் ஒன்றுக்குப் பின்னணி இசை முடித்துக் கொடுத்திருக்கிறேன். சின்னப் படம், சின்னக் குழு. 19 க்யூ, அதாவது காட்சிக்கேற்ற தனித்தனி இசைத் துண்டுகள், மொத்தம் 34 நிமிட இசை. எல்லாமே என் அறையில் உட்கார்ந்து சாம்பிள்களை, அதாவது பதிவு செய்த வாத்திய ஒலிகளை, கணினியில் வைத்துச் செய்தது. இப்போது இயக்குநருக்கு ஓர் ஆசை வந்திருக்கிறது: திரையிடலின்போது இசையை மேடையில் நேரடியாக வாசிக்க வேண்டும். கிடைத்திருப்பவர்கள் எட்டுப் பேர். இரண்டு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், ஃப்ளூட், கிளாரினெட், வைப்ரஃபோனுக்கும் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிப்பது) தாள வாத்தியங்களுக்கும் சேர்த்து ஒருவர். கண்டக்ட் செய்யப்போவது நான். ஒத்திகை இரண்டே முறை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம்.

என் தூக்கத்தைக் கெடுப்பது 2எம்3 என்கிற க்யூ. மகள் தன் இறந்துபோன அப்பாவின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைக்கிறாள். வசனம் கிடையாது. 2 நிமிடம் 40 விநாடி. 41 விநாடி 8 ஃப்ரேமில் வெளியே ஒரு கதவு சாத்துகிறது, அவள் கை நின்றுவிடுகிறது. நான் எழுதியிருப்பது பெரிய ஸ்ட்ரிங்ஸ் படலம்: வயலின் நான்காகப் பிரியும், வியோலா இரண்டாகப் பிரியும், ஒரு ஸ்வரம் 14 விநாடி அசையாமல் நிற்கும். அதை ஐந்து பேரை வைத்து ஒரு நாள் வாசித்துப் பார்த்தோம். எலும்பும் தோலுமாக இருந்தது. வாசித்தவர்கள் மேல் தப்பில்லை. எழுதியதில்தான் ஏதோ தப்பு, அது எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

வில்முனை

செல்லோ வாசிப்பவள் நான். இந்த மாதிரித் தாள்கள் அடிக்கடி என் ஸ்டாண்டுக்கு வரும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சாம்பிளை அணைத்துவிடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டே ஸ்கோரைக் குறைத்தால் எதை எடுத்தாலும் இழப்பாகத்தான் தெரியும். வெறும் தாளை எடுத்து, அந்தக் காட்சியில் உண்மையிலேயே நகர்கிற குரல்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்பது குரல் எழுதியிருப்பீர்கள், நகர்வது மூன்றாகத்தான் இருக்கும். மிச்சமெல்லாம் அறையின் எதிரொலிக்காகப் போட்டது. அந்த மூன்றையும் முதலில் ஆட்களுக்குக் கொடுங்கள்.

இரண்டு வயலினை ஒரே ஸ்வரத்தில், ஒரே மெட்டில் சேர்த்து வாசிக்க வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அங்கேதான் பிரச்சினை. ஒரு வயலின் அழகு. மூன்று சேர்ந்தால் கூட்டமாகிவிடும். இரண்டு மட்டும் சேரும்போது சுருதியில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் உரசல் அப்படியே வெளியே கேட்கும், விப்ராட்டோவும் (விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைப்பது) ஒன்றோடொன்று மோதும். மெட்டை ஒருவரிடமே விடுங்கள். அடர்த்தி வேண்டுமென்றால் அதே ஸ்வரத்தில் ஃப்ளூட்டைச் சேருங்கள். அதன் கீழ்ப்பகுதி தனியாக நின்றால் பலவீனம்தான், ஆனால் வயலினோடு சேரும்போது வில்லின் சொரசொரப்பை மூடி ஒரு வட்டத்தைக் கொடுக்கும். இரண்டாவது வயலினுக்கு உள்குரல், இல்லையென்றால் மௌனம்.

அந்த 14 விநாடி ஸ்வரத்தைப் பற்றி. மெதுவாக, விரல்பலகைப் பக்கம் வில்லைத் தள்ளி வாசித்தால் ஒரே வில்லில் எட்டு பத்து விநாடி தாக்குப்பிடிக்கலாம். அதற்குமேல் வில் திரும்பியே ஆக வேண்டும். பதினாறு பேர் இருக்கும் இடத்தில் ஆளுக்கொரு நேரம் திருப்புவார்கள், யாருக்கும் தெரியாது. தனி ஆள் திருப்பினால் தெரியும். ஆகவே எங்கே திரும்ப வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவள் ஒரு சட்டையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிற இடத்தில் வில் திரும்பட்டும். அது மூச்சு மாதிரி இருக்கும்.

பாஸைத் தொடர்ந்து வில்லில் இழுக்க விடாதீர்கள். அந்தக் காட்சியில் நான்கே நான்கு பிட்ஸிகாட்டோ, அதாவது விரலால் சுண்டும் ஸ்வரம், போதும் என்று படுகிறது.

அரைவெளிச்சம்

வில்முனை சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. குறைவான வாத்தியம் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். 1960-இல் ‘சைக்கோ’ படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் ஸ்ட்ரிங்ஸை மட்டும் வைத்து முழு இசையும் எழுதினார். குழலும் இல்லை, முரசும் இல்லை. ஒரே குடும்பத்து வாத்தியங்களிலிருந்து எத்தனை விதமான ஓசை வரும் என்று அவர் தேடியிருக்கிறார், அதனால்தான் அந்தப் படத்துக்கென்று ஒரு குரல் கிடைத்தது. உங்களுக்கு எட்டுப் பேர். வைப்ரஃபோன் வேறு இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கட்டையின் விளிம்பில் வில்லால் இழுக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சாம்பிளில் தேடிய படலம் அங்கேயே இருக்கலாம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குக் கையை நகர்த்த அவருக்கு நேரம் மட்டும் கொடுங்கள். அரைச்சுரக் கட்டைகளை எதிர்ப்பக்க விளிம்பில்தான் இழுக்க முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஃப்ரேம்கணக்கு

கதவுக்கு வருகிறேன். விநாடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் 41 விநாடி 8 ஃப்ரேம் என்றால் 41.33 விநாடி. உங்கள் டெம்போ என்ன?

தனிச்சுரம்

நிமிடத்துக்கு 72 பீட். ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நான்கு பீட்.

ஃப்ரேம்கணக்கு

சரி. 72-இல் ஒரு பீட்டுக்குச் சரியாக 20 ஃப்ரேம். கதவு சாத்தும்போது 49.6 பீட் ஓடியிருக்கும், அதாவது இரண்டு பீட்டுக்கு நடுவில் விழுகிறது. சாம்பிளில் நீங்கள் அதைக் கையால் இழுத்து உட்கார வைத்திருப்பீர்கள். எட்டுப் பேரிடம் அப்படி முடியாது. டெம்போவை 72.6 ஆக்குங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்போது கதவுக்கு முன்னால் சரியாக 50 பீட். 12 பார் நான்கு பீட், அடுத்தது ஒரே ஒரு இரண்டு பீட் பார், அதற்கடுத்த பாரின் முதல் பீட்டில் கதவு. இரண்டு பீட் பாரை வாசிப்பவர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள். டெம்போ ஊர்ந்து மாறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், திரையிடப்போகும் கோப்பு 24-ஆ, 23.976-ஆ என்று இன்றே கேளுங்கள். நான் பட்ட அடி இது. கிளிக்கை, அதாவது வாசிப்பவர்கள் காதில் பீட்டைக் காட்டும் ஒலியை, 24-க்குத் தயார் செய்து தனிக் கணினியில் ஒரே நீளமாக ஓட விட்டேன், படம் 23.976-இல் ஓடியது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் உங்கள் எழுபது நிமிடத்தில் அது 4.2 விநாடி ஆகிவிடும். கடைசிக் காட்சியில் நாங்கள் வாசித்து முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம், திரையில் அவர்கள் இன்னும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து கிளிக்கைப் படக் கோப்பிலேயே தனி ஒலித்தடமாக வைத்துவிடுகிறேன். படம் எப்படி ஓடினாலும் கிளிக் கூடவே ஓடும்.

கையசைவு

ஃப்ரேம்கணக்கின் கணக்கை மதிக்கிறேன். ஆனால் அந்தக் காட்சிக்குக் கிளிக்கே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு பெண் சட்டை மடிக்கிறாள், அவள் கைக்குத் தாளம் கிடையாது. எட்டுப் பேர் காதில் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அவள் கையைப் பார்க்கத் தோன்றாது.

அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஸ்ட்ரீமர்: கண்டக்டர் பார்க்கும் திரையில் ஒரு செங்குத்துக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து வரும், அது ஓரத்தைத் தொடும்போது வெள்ளை மின்னல். அந்த இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், நடுவில் எப்படி வந்தீர்கள் என்பது உங்கள் பாடு. ஹாலிவுட்டில் ஆல்ஃப்ரெட் நியூமன் காலத்திலிருந்து புழங்குகிற முறை இது, இன்றைக்கும் நேரடித் திரையிடல்களில் பயன்படுத்துகிறார்கள். கதவுக்கு முன் கடைசி பாரில் ஒரு ஃபெர்மாட்டா (வேண்டிய அளவு நீட்டி நிற்கச் சொல்லும் குறி) போடுங்கள். சீக்கிரம் வந்துவிட்டால் அங்கே காத்திருக்கலாம். தாமதமானால் அதைத் தொடாமல் கடந்துவிடலாம்.

இன்னொன்று. கதவுச் சத்தத்தின் மேலேயே இசையை விழ வைக்காதீர்கள். கதவுக்கு அதன் சத்தமே போதும். அவள் கை நின்றபிறகு, அரை விநாடி கழித்து இசை மாறட்டும்.

ஃப்ரேம்கணக்கு

கடைசியில் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கிளிக் விஷயத்தில் இல்லை. இரண்டு ஒத்திகைதான் இருக்கிறது, அவர் முதல் முறையாகப் படத்தோடு கண்டக்ட் செய்கிறார். 19 க்யூவையும் ஸ்ட்ரீமரில் பிடிக்கச் சொல்வது அவருக்கும் வாசிப்பவர்களுக்கும் பாரம். வேகமான க்யூவுக்கெல்லாம் கிளிக் இருக்கட்டும். 2எம்3 மாதிரி மூன்று நான்கை மட்டும் விடுவியுங்கள்.

கையசைவு

அப்படியென்றால் எனக்கும் சம்மதம். ஆனால் ஹெட்ஃபோன் ஒரு காதுக்கு மட்டும். மறுகாதில் பக்கத்து ஆள் கேட்க வேண்டும். க்யூவின் கடைசி ஸ்வரம் அடங்கும் இடத்தில் கிளிக்கையும் குறைத்து நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் அமைதியில் அது மைக்கில் ஏறும். மேடையில் ஆட்களை நெருக்கமாக உட்கார வையுங்கள். பத்து மீட்டர் தள்ளி இருப்பவரின் ஓசை உங்களிடம் வர ஏறக்குறைய 29 மில்லிவிநாடி ஆகும். ஒரு ஃப்ரேமைவிடக் குறைவுதான், திரையோடு பார்த்தால் பரவாயில்லை. ஆனால் பாஸும் வைப்ரஃபோனும் ஆளுக்கொரு மூலையில் இருந்தால் பிட்ஸிகாட்டோ ஒன்றாக விழாது.

தனிச்சுரம்

எல்லோருக்கும் நன்றி. தாளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினோரு குரல் எழுதியிருக்கிறேன், நகர்வது மூன்று. வில்முனை சொன்னது அச்சாக அப்படியே.

இன்னொரு சங்கடம். 4எம்1-இல் இருவர் கிசுகிசுத்துப் பேசுகிறார்கள், அடியில் இசை ஓடுகிறது. மிக்ஸிங்கில் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டோம். மேடையில் ஃபேடர் ஏது?

கலவைமேசை

இல்லைதான். அதனால் ஃபேடர் செய்ததை அரேஞ்ச்மென்ட் செய்தாக வேண்டும். சொற்களின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வே இல்லை, வெறும் காற்று. வில் உரசும் ஓசையும் ஃப்ளூட்டின் ஊதுகாற்றும் அதே ஜாதி. எத்தனை மெதுவாக வாசித்தாலும் அவை அந்தப் பேச்சை விழுங்கும். கிளாரினெட்டின் கீழ்ப்பகுதியும் செல்லோவும் மட்டும் இருக்கட்டும். கிளாரினெட் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஓசையை எழுப்பி, ஒன்றுமில்லாத இடத்துக்கே கொண்டுபோகும். மரக்குழல்களில் வேறு எதற்கும் அந்த அளவு அடக்கம் வராது. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மட்டும் ஸ்வரம் நகரட்டும், பேசும்போது நிற்கட்டும்.

உங்களிடம் பழைய ஸ்டெம்கள், அதாவது வாத்தியவாரியாகப் பிரித்துப் பதிந்த தடங்கள், இருக்குமே? பேட் ஸ்டெம்மை, அந்த நீண்ட படல ஓசையை, ஸ்பீக்கரில் மெல்ல ஓட விட்டு, அதன்மேல் எட்டுப் பேர் வாசிப்பது ஒரு வழி. நிறைய பேர் செய்கிறார்கள்.

வில்முனை

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேட் ஓடும்போது நாங்கள் அதன்மேல் பூசும் வண்ணமாகிவிடுகிறோம். நான் மூச்சு விட்டாலும் விடாவிட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். ஆட்களை அழைத்து உட்கார வைத்தபிறகு அவர்களைத்தான் நம்ப வேண்டும்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. சாம்பிள்களில் ஏ ஸ்வரம் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸில் இருக்கும். குழு 442-இல் சுருதி சேர்த்தால் எட்டு சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் எட்டுப் பங்கு) வித்தியாசம், நீண்ட ஸ்வரத்தில் நன்றாகவே உறுத்தும். ஸ்டெம்மைச் சேர்த்தே தீர வேண்டும் என்றால் எல்லோரையும் முன்கூட்டியே 440 என்று சொல்லி வையுங்கள். வைப்ரஃபோன் எதில் சுருதி செய்யப்பட்டது என்பதையும் கேளுங்கள், அதைத் திருகி மாற்ற முடியாது.

கலவைமேசை

ஒப்புக்கொள்கிறேன், 2எம்3-க்கு வேண்டாம். ஆனால் அந்தப் படத்தில் இயந்திர இரைச்சல் மாதிரி எழுதிய ஓசைகள் ஏதாவது இருந்தால், எட்டுப் பேர் அதைப் போலி செய்வதைவிட ஸ்பீக்கரில் வருவதே நேர்மை.

புதுநடை

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் இசை எழுதும் படத்தில் எடிட்டர் ஏற்கெனவே வேறொரு இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறார். இயக்குநர் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார். நான் எது கொடுத்தாலும் ‘அது மாதிரி இல்லையே’ என்கிறார். என்ன செய்வது?

அரைவெளிச்சம்

எல்லோருக்கும் நேர்வது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதிப் பதிவும் செய்தார். 1968-இல் படம் வெளிவந்தபோது அவர் எழுதியது எதுவும் அதில் இல்லை. ஏற்கெனவே இருந்த செவ்வியல் இசைத் தட்டுகளையே இயக்குநர் குப்ரிக் வைத்துக்கொண்டார். அந்த அளவுக்குப் பிடிமானம் வந்துவிடும்.

அந்த இசையில் எது பிடிக்கிறது என்று கேட்காதீர்கள், ‘அந்த வயலின்’ என்பார். அது வரும்போது அந்தப் பாத்திரத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியவருகிறது என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு நீங்கள் எழுதலாம். அடுத்த படத்துக்கு இன்னும் நல்ல வழி: எடிட்டிங் தொடங்குமுன்பே திரைக்கதையைப் படித்துவிட்டு ஏழெட்டு நிமிடம் சுமாரான பதிவாகவாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள். எடிட்டர் உங்கள் இசையையே போட்டு வெட்டுவார். வெட்டே உங்கள் தாளத்தில் வந்து நிற்கும்.

தாள்திருப்பி

மறுபடி மேடைக்கு வரலாமா? பார்ட், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனித் தாள், தயாரிப்பது என் வேலை. ஒத்திகை நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், முக்கால்வாசி தாளில்தான் போகிறது என்பேன்.

கணினியில் வாசித்த மிடியை (எந்த ஸ்வரம் எப்போது விழுந்தது என்ற பதிவை) அப்படியே நோட்டேஷன் மென்பொருளில் திறந்தால் வருவது இசைக்குறிப்பு ஆகாது. உங்கள் விரல் கொஞ்சம் தாமதமாக விழுந்ததெல்லாம் முப்பத்திரண்டில் ஒரு பங்கு இடைவெளியாகத் தாளில் முளைத்திருக்கும். எளிய வடிவத்துக்கு மாற்றுங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேலே எழுத வேண்டும், டபுள் பாஸுக்கு ஒரு ஸ்தாயி மேலே. மென்பொருள் செய்யும் என்று விட்டுவிடாமல் ஒரு ஸ்வரத்தையாவது கையால் சரிபாருங்கள்.

ஐந்து கோடுகளின் உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. படம் ஓடும்போது அரங்கம் இருட்டு, ஸ்டாண்ட் விளக்கு மட்டும்தான். பக்கம் திருப்பும் இடத்தில் அவருக்கு ஓய்வு இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள், தப்பே இல்லை. அமைதியான காட்சியில் எட்டுத் தாள் ஒரே நேரத்தில் சலசலத்தால் திரையில் மழை பெய்கிற மாதிரி கேட்கும்.

வாசிப்பவர்கள் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா? நீண்ட ஓய்வுக்குப் பிறகு நுழையும் இடத்தில் ‘கதவு சாத்தும்’, ‘அவள் சிரிப்பாள்’ என்று சின்ன எழுத்தில் எழுதி வையுங்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டாலும் காதால் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் மியூட் (ஓசையை அடக்கும் சிறு கருவி) போடவும் எடுக்கவும் கையும் நேரமும் வேண்டும், குறைந்தது இரண்டு மூன்று பார் காலி விடுங்கள். பார் எண்ணை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் போடுங்கள், ஸ்கோரிலும் பார்ட்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

தனிச்சுரம்

முதல் ஒத்திகை முடிந்து வந்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

2எம்3-ஐ முழுக்கத் திருப்பி எழுதினேன். மெட்டு முதல் வயலின், அடியில் ஃப்ளூட். செல்லோவும் வியோலாவும் உள்குரல்கள். வைப்ரஃபோனில் வில். பாஸுக்கு நான்கு பிட்ஸிகாட்டோ. இரண்டாவது வயலினுக்கு முதல் 41 விநாடிக்கு ஒன்றுமே எழுதவில்லை. அதைக் கொடுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் தாளைப் பார்த்தார், வயலினை மடியில் வைத்துக்கொண்டார், கவனித்துக்கொண்டே இருந்தார்.

கிளிக் இல்லாமல் ஓடவிட்டோம். முதல் தடவை நான் வேகமாகப் போய்விட்டேன், ஃபெர்மாட்டாவில் மூன்று விநாடி நின்றோம். யாரும் அசையவில்லை. செல்லோ ஸ்வரம் மட்டும் மெலிந்து மெலிந்து போய்க்கொண்டிருந்தது. கதவு சாத்தியது. அவள் கை நின்றது. அப்புறம்தான் இரண்டாவது வயலின் முதன்முறையாக உள்ளே வந்தது, மியூட்டோடு, ஒரே ஒரு ஸ்வரம். நான் கோலை இறக்கிவிட்டேன். என்னால் தொடர முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த இயக்குநர் வாயைத் திறக்கவில்லை, படத்தை மட்டும் திரும்பவும் தொடக்கத்துக்கு ஓட்டினார்.

அந்த மூன்று விநாடி நிறுத்தத்தை அப்படியே வைத்துக்கொள்ளப்போகிறேன். அதற்காகவே டெம்போவைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

4எம்1 இன்னும் சரியாகவில்லை. கிளாரினெட்டுக்கு வியோலாவின் வரியை மாற்றிக் கொடுத்தேன். நடு சி-க்கு மேலே இருக்கிற எஃப், ஜி, ஏ ஃப்ளாட் ஆகிய ஸ்வரங்களில் ஓசை வெளிறிப்போகிறது. நல்ல வாசிப்பாளர்தான், அவரே ‘இந்த இடம் இந்த வாத்தியத்தில் இப்படித்தான்’ என்றார்.

வில்முனை

அவர் சொன்னது சரி. கிளாரினெட்டில் இரண்டு பகுதிகளுக்கு நடுவே இருக்கும் மெலிந்த கழுத்து அது. நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு நான்காம் ஸ்வர இடைவெளி கீழே இறக்கிப் பாருங்கள். அந்தக் கழுத்துக்குக் கீழே போய்விட்டால் அதே வாசிப்பாளரிடம் வேறொரு வாத்தியம் கேட்கும். செல்லோவோடு இடிக்கிறது என்றால் செல்லோவை ஹார்மானிக்ஸுக்கு (தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் உயர்ந்த ஸ்வரங்களுக்கு) தூக்கிவிடுங்கள், அதைப் பேச்சின் இடைவெளியில் மட்டும் தொடச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஒத்திகையில் சுலபமான க்யூக்களைத் தொடவே வேண்டாம். ஆறேழுதான் உங்களுக்குக் கஷ்டமானவை, முழு நேரத்தையும் அவற்றுக்கே கொடுங்கள். கடைசி இருபது நிமிடம் மட்டும் க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவும் பழக்கம்: தாளை மாற்றுவது, மியூட் எடுப்பது, கிளாரினெட்காரர் ரீடை ஈரமாக்கிக்கொள்வது.

தனிச்சுரம்

நான்காம் ஸ்வரம் இறக்கி எழுதிவிட்டேன். இப்போது அது டி-யிலிருந்து தொடங்குகிறது, பி ஃப்ளாட் கிளாரினெட்டின் ஆகக் கீழான படி. இன்றிரவே பார்ட்டைப் புதிதாக அச்செடுத்து அவருக்கு அனுப்புகிறேன். தாள்திருப்பி சொன்னபடி முதல் ஸ்வரத்தைக் கையால் சரிபார்த்தேன். தாளில் ஈ என்றுதான் இருக்கிறது.